தொட்டிச் சுவரை உடைத்தவன் மார்செய்க்குப் போன கதை

காரைக்கால் பக்கம், திருமலைராயன்பட்டினத்துக்குத் தெற்கே ஓர் இரும்புக் கம்பி ஆலை இருந்தது. அதன் எண்ணெய்த் தொட்டிகளைச் சுற்றியிருந்த சுவரைக் கடப்பாறையால் உடைத்தவன் நான். உடைத்தது கலியபெருமாள் என்று தாசில்தாரிடம் சொன்னவனும் நான்தான். பிரான்சின் துறைமுக நகரமான மார்செய்க்குப் போய் வந்ததைப் பற்றி எழுதச் சொன்னவர்கள் ரொட்டியையும் ரயிலையும்தான் எதிர்பார்த்திருப்பார்கள். அவையும் வரும். இதை ஒதுக்கிவிட்டு ரொட்டியைப் பற்றி மட்டும் எழுத எனக்கு விருப்பமில்லை. பிடிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

நான் அந்த ஆலையின் மேனேஜர். இரும்பைக் காய்ச்சும் உலைக்குக் கறுப்பு எண்ணெய் எரிப்போம். அந்த எண்ணெய் நிற்கும் தொட்டிகளைச் சுற்றி இடுப்பளவுச் சுவர் ஒன்று இருக்க வேண்டும் என்பது விதி. தொட்டி உடைந்தாலும் எண்ணெய் சுவரைத் தாண்டக் கூடாது. உள்ளே விழும் மழைநீரை வெளியேற்ற ஒரு குழாயும், அதைப் பூட்டி வைக்க ஒரு வால்வும் இருக்க வேண்டும். எங்கள் சுவரில் குழாயும் இல்லை, வால்வும் இல்லை. கட்டும்போது அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தோம்.

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி. மழை விடாமல் கொட்டியது. சுவருக்குள் தண்ணீர் ஏறி எண்ணெய் பம்ப் மூழ்கியது, உலை அணைந்தது. தீபாவளி என்று ஆட்கள் யாரும் வரவில்லை. எங்கள் குடும்பம் நெல் விளைவித்த குடும்பம். கடைமடைக்காரனுக்குத் தேங்கிய தண்ணீரைக் கண்டால் பொறுக்காது. பயிர் மூழ்கினால் வரப்பை வெட்டி வடிய விடுவோம், அதற்கு யோசனை எதுவும் தேவையில்லை. நானும் யோசிக்கவில்லை. வயல் பக்கத்துச் சுவரின் அடியில் ஒரு குடம் நுழையும் அளவுக்கு உடைத்தேன். தண்ணீர் சலசலவென்று வடிகாலுக்கு ஓடியது. பார்க்க மனதுக்கு நிறைவாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மழை நின்றதும் அடைக்கலாம் என்று நினைத்தேன். மழை நின்ற பிறகு, அடுத்த மழைக்கு மறுபடி உடைக்க வேண்டுமே என்று நினைத்தேன். நாணல் வளர்ந்து ஓட்டையை மூடியது.

அடுத்த ஆண்டு மழையும் அதன் வழியே வடிந்தது. அந்த மார்கழியில் தொட்டிக் குழாயின் இணைப்பு விட்டுப்போனது. விடிந்து பார்த்தால் பெரிய தொட்டியில் பாதி எண்ணெய் இல்லை. ஓட்டை வழியாக வடிகாலில் இறங்கியிருந்தது. கடைமடை வடிகால் பாதி நேரம் கடலுக்குப் போகும், பாதி நேரம் கடல் அதைத் திருப்பி அனுப்பும். கடலேற்றம் வந்து எண்ணெயைத் தூக்கிப் பக்கத்து வயலில் வைத்தது. அது கலியபெருமாளுடைய வயல். பால் பிடித்து நின்ற சம்பா கறுத்தது. மீதி எண்ணெய் ஆற்று முகத்துக்குப் போய்ப் பட்டினச்சேரி மீனவர்களின் வலைகளில் அப்பியது.

தாசில்தார் வந்து ஓட்டையைப் பார்த்தார். "இது யாரு வேல?"

கலியபெருமாள் ஆலை கட்டிய நாளிலிருந்து எங்களோடு மல்லுக்கு நின்றவர். நாங்கள் மண் கொட்டி மேடாக்கியதில் தன் வயல் வடிய வழியில்லாமல் போனது என்று கேட்டு வாசலில் வந்து கத்துவார். "ஒரு நாளைக்கு ஒங்க செவத்த வெட்டி உட்டுருவன் பாருங்க" என்று சொல்லியும் இருக்கிறார். நான் அந்தப் பேச்சைத் தாசில்தாரிடம் எடுத்துக் கொடுத்தேன். முதலாளி எனக்குச் சொல்லித் தரவில்லை. பொய் என் சொந்தச் சரக்கு.

எல்லோரும் உடனே நம்பினார்கள். அடுத்தவன் வரப்பை வெட்டிய சண்டை இல்லாத ஊர் எங்கள் பக்கத்தில் ஏது? கலியபெருமாள் மேல் வழக்குப் பதிவானது. விளைச்சலை இழந்தவரே குற்றவாளி என்பதால் அவருக்கு நட்டஈடு இல்லை. அவர் வீட்டுக்கு மீன் விற்கக் கூடாது என்று பட்டினச்சேரி பஞ்சாயத்தில் கட்டுப்பாடு போட்டார்கள். அவர் மனைவி வாசலில் நின்று கூப்பிட்டாலும் மீன்காரியின் கூடை நிற்காமல் போயிற்று.

வழக்கு இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் பயணம் வந்தது. முதலாளி உலைக்கு எண்ணெய் எரிக்கும் புதிய பர்னர் வாங்கத் தீர்மானித்திருந்தார். பிரெஞ்சுக் கம்பெனி. ஒருவர் போய்ப் பழகி வர வேண்டும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் படித்தவன் என்பதால் எனக்கு அந்த மொழி வரும்.

"சந்தோசமா போயிட்டு வாங்க சார்" என்றார் முதலாளி. "வந்த கையோட கோர்ட்டுல ஒங்க சாட்சி இருக்கு. அத மறந்துராதீங்க."

மனைவி எலுமிச்சை ஊறுகாயும் பருப்புப் பொடியும் கட்டிக் கொடுத்தாள். பாரிசில் சுங்க அதிகாரி ஒருவர் ஊறுகாய்ப் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பின்வாங்கினார்.

"இது மருந்தா?"

"சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது."

"சோறு எங்கே?"

"அதைத்தான் உங்கள் நாட்டில் தேட வேண்டும்" என்றேன். பக்கத்தில் நின்ற அதிகாரி சிரித்துவிட்டு, "விடு, இவரிடம் பாட்டில் இருக்கட்டும், நமக்கு நாட்டைக் காப்பாற்றும் வேலை இருக்கிறது" என்றார்.

ரயிலில் முதல் அடி விழுந்தது. எங்கள் நாட்டில் ரயில் ஓர் ஊருக்குப் போகிறது என்றால் மொத்தமும் போகும். அங்கே வழியில் ஒரு நிலையத்தில் ரயிலை இரண்டாகக் கழற்றி, முன்பாதியை ஓர் ஊருக்கும் பின்பாதியை வேறோர் ஊருக்கும் அனுப்புகிறார்கள். நான் இருந்தது பின்பாதி. மலைகள் வர ஆரம்பித்த பிறகுதான் சந்தேகம் வந்தது. கடற்கரைக்குப் போகும் ரயிலுக்கு மலை எதற்கு?

எதிரே மடியில் நாயோடு ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். கேட்டேன்.

"மார்செய்யா? அது போய்விட்டதே" என்றாள், யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டதைச் சொல்வதுபோல. பிறகு பையிலிருந்து ரொட்டியை எடுத்து முறித்துப் பாதியை என்னிடம் நீட்டினாள். "தப்பான ரயிலில் ஏறினாலும் சாப்பிடத்தான் வேண்டும்."

காரைக்காலிலும் அந்த நீள ரொட்டி உண்டு. நாங்கள் மீன் குழம்பில் முக்கித் தின்போம். அவள் அதற்குள் நாற்றமடிக்கும் பாலாடைக்கட்டியை வைத்திருந்தாள். நாயும் நானும் ஒரே மாதிரி முகத்தைத் திருப்பினோம். அடுத்த நிலையத்தில் இறங்கி, வெறும் நடைமேடையில் குளிரில் நின்று, வந்த வழியே திரும்பி, மார்செய் போய்ச் சேரும்போது மறுநாள் பொழுது ஏறியிருந்தது.

பர்னர் கம்பெனியில் பாடம் நடந்த நாட்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. காலையில் கசப்புக் காப்பி, மத்தியானம் மேசையில் மணிக்கணக்காகச் சாப்பாடு. வேலையைவிடச் சாப்பாட்டை அவர்கள் மதிக்கிறார்கள், அது எனக்குப் பிடித்தது. ஒரு நாள் மீன் சாறு வந்தது. ஐந்தாறு வகை மீனைப் போட்டுக் குங்குமப்பூவும் போட்டிருந்தார்கள். மீன் நல்ல மீன். புளி இல்லை. புளி இல்லாத மீன் குழம்பு, தலைவாசல் வைக்காமல் கட்டிய வீடு.

புளி தேடித்தான் ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்துக்குப் பின்னாலிருந்த சந்தைக்குப் போனேன். அரபுக்காரர்களின் கடைகள் நிறைய. ஒரு கடையில் யாரோ தமிழில் பேசுவது கேட்டது.

"இத முருங்கக்கான்னு வித்தா முருங்க மரத்துக்கே மானம் போயிரும்யா."

கடைக்காரருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. பேசியவர் தொப்பி போட்ட நெட்டையான கிழவர். பெயர் ராயப்பன். காரைக்கால் பக்கத்துத் தருமபுரத்துக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டவர். நான் வாயைத் திறந்ததுமே, "காரைக்காலா நீங்க? அதான பாத்தன்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. வீட்டுக்கு இழுத்துப் போனார்.

நாலாவது மாடி. படியேறி மூச்சு வாங்கியது. அவர் மனைவி ரசமும் கத்தரிக்காய்க் கூட்டும் வைத்திருந்தார். என் ஊறுகாய்ப் பாட்டில் மேசைக்கு வந்ததும் ராயப்பன் விரலால் தொட்டு நக்கிவிட்டுப் பாட்டிலைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். அப்புறம் ஊர்ப் பேச்சு.

"என் தங்கச்சி மவன் வந்திருந்தான் தம்பி. பட்டினச்சேரி பக்கம் எண்ணெ ஓடிப்போச்சாமே. கலியபெருமாளுன்னு ஒருத்தன் கம்பெனி செவத்த வெட்டி உட்டுட்டானாம்."

என் கை சோற்றில் இருந்தது.

"அவன் அப்பாவ எனக்குத் தெரியும். அடுத்தவன் வயல்ல களையே மொளச்சிருந்தாலும் கேட்டுட்டுத்தான் புடுங்குவாரு. புள்ள இப்புடி ஆயிருச்சு பாருங்க."

"நீங்க அந்தப் பக்கத்து ஆலையிலதான வேல பாக்குறீங்க?" என்றார் அவர் மனைவி.

"ஆமாங்க. மேனேஜர்."

ராயப்பன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "அப்ப நேர்லயே பாத்திருப்பீங்க. எதால வெட்டுனான்? மம்பட்டியாலயா?"

"கடப்பாறையால."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"பக்கத்துலதான்."

"பக்கத்துல இருந்துட்டுப் புடிக்கலயா?"

"புடிக்கல" என்றேன்.

"நல்ல மேனேஜர்தான் போங்க" என்று சிரித்து ரசத்தை ஊற்றினார். நானும் சிரித்தேன். காரைக்காலில் நான் சொன்ன பொய், நான் அந்தத் துறைமுகத்தைப் பார்ப்பதற்கு முன்பே மார்செய் வந்து நாலாவது மாடி ஏறியிருந்தது. ஒரு மனிதரின் தகப்பனார் பெயரையும் சேர்த்துத் தின்றிருந்தது. நானோ அவர் வீட்டு ரசத்தை இரண்டு தரம் வாங்கிக் குடித்துவிட்டு இறங்கினேன்.

செவ்வாய்க்கிழமை, ஊருக்கு வெளியே ஓர் உப்புநீர் ஏரிக் கரையிலிருந்த எண்ணெய்க் கிடங்கைக் காட்டக் கூட்டிப் போனார்கள். பாதுகாப்புப் பொறுப்பிலிருந்த இன்ஜினியர் ஒரு பெண்மணி. மதாம் என்று சொன்னால் போதும். நாற்பது வயதிருக்கும். ரப்பர் காலணி, கையில் பெரிய சாவி. யாருக்காகவும் நடையைக் குறைக்காதவர்.

முதல்நாள் அங்கே மழை. தொட்டிகளைச் சுற்றியிருந்த உயரமான சுவருக்குள் தண்ணீர் தேங்கி நின்றது. எனக்குக் கை அரித்தது.

"ஏன் வடிக்காமல் வைத்திருக்கிறீர்கள்?"

"இன்னும் பார்க்கவில்லை" என்றார். சுவர் மேல் ஏறி நின்று தண்ணீரின் மேற்பரப்பைப் பார்த்தார். எண்ணெய் மினுங்கினால் வெளியே விடுவதில்லை, தனியாக எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். மினுங்கவில்லை என்றால் பூட்டைத் திறந்து வால்வைத் திருப்பி, தண்ணீர் முழுதும் போகும்வரை அங்கேயே நிற்க வேண்டும். நடுவில் காப்பி குடிக்கப் போகக் கூடாது. பிறகு மூடிப் பூட்ட வேண்டும். உள்ளே இருப்பதிலேயே பெரிய தொட்டி அடியோடு பிளந்தாலும் அத்தனையும் சுவருக்குள் அடங்க வேண்டும், அதற்கு மேல் மழைக்கும் இடம் இருக்க வேண்டும். தரையும் எண்ணெயைக் குடிக்காத தரையாக இருக்க வேண்டும். எங்கள் தரை வெறும் வண்டல்.

எனக்கு எரிச்சல் வந்தது. "மதாம், இந்த விதியை எழுதியவர்கள் ஐப்பசி மழையைப் பார்த்ததில்லை. உங்களுக்கு ஒரு பருவம் முழுக்கப் பெய்வது எங்களுக்கு ஒரே இரவில் பெய்யும். சுவர் நிரம்பிவிடும்."

"அப்படியானால் சுவரை உயர்த்துங்கள்."

"புயல் வரும். கடலே உள்ளே வரும்."

"இன்னும் உயர்த்துங்கள்."

விட்டிருக்கலாம். எனக்கு ஜெயிக்க வேண்டியிருந்தது. எங்கள் ஆலையில் எண்ணெய் ஓடிய கதையைச் சொன்னேன். சுவரால் என்ன பயன், ஒரு விவசாயி வந்து வெட்டிவிட்டுப் போனானே என்றேன். டெல்டாவில் வரப்பு வெட்டும் பகையைப் பற்றி நீளமாக விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன்.

அவர் கேட்டுக்கொண்டார். "வெட்டிய அன்றே எண்ணெய் ஓடியதா?"

"இல்லை." பழக்க தோஷத்தில் உண்மை வந்துவிட்டது. "ஓட்டை அதற்கு முந்தைய மழைக்காலத்திலிருந்தே இருந்தது."

"உங்கள் ஆலையில் சுவரைச் சுற்றிப் பார்க்க வேண்டியவர் யார்?"

"நான்."

"அப்படியானால் வெட்டியவன் பெயரை எதற்கு என்னிடம் சொல்கிறீர்கள்? அது போலீஸின் கவலை. வெட்டியது திருடனோ விவசாயியோ எலியோ, சுவர் உங்களுடையது. அடைக்காமல் விட்டது நீங்கள்." இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. வால்வில் வழிந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறினேன். கோபத்தில் முன்னதாகவே இறங்கி, உப்பேரிக் காற்றில் மண் வாரியடிக்க நடந்தேன். முதலில் வெட்கம் வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். வரவில்லை. வந்தது கோபம். கலியபெருமாளைப் பலி கொடுத்து நான் எதைக் காப்பாற்றினேன்? விதியைப் படித்த யாரும் இரண்டு கேள்வியில் என்னிடம் வந்து நிற்பார்கள். ஊரில் அந்த இரண்டு கேள்வியைக் கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். வெட்கம் அப்புறம் வந்தது, ராயப்பன் வீட்டு ரசத்தின் ருசியோடு சேர்ந்து. அது இன்னும் போகவில்லை.

ஊருக்குப் புறப்படுமுன் ராயப்பன் வீட்டு நாலு மாடியை மறுபடி ஏறினேன். "கலியபெருமாள் வெட்டல. நான்தான் வெட்டுனன்" என்றேன். அவர் கதவைப் பிடித்தபடி நின்றார். உள்ளே வரச் சொல்லவில்லை. "இத ஏன் இவ்ளோ தூரம் வந்து என்கிட்ட சொல்றீங்க? அங்க போயி சொல்லுங்க" என்றார். நியாயம்தான். இறங்கிவிட்டேன்.

காரைக்காலில் முதலாளி தன் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார்.

"பழய பாட்டையே பாடிருங்க சார். வக்கீல் தயாரா இருக்காரு."

"பாட்டு மாறிப்போச்சுங்க."

முதலில் புரியாமல் பார்த்தார். புரிந்ததும் குரலைத் தாழ்த்தினார். "கம்பெனிய கவுத்துறாதீங்க. எத்தன குடும்பம் இதால சாப்புடுது."

"தொட்டிய சுத்தி ஒழுங்கா செவர் எழுப்புங்க. கம்பெனி கவுறாது."

"ஒங்க வேல?"

"அது கவுந்துரும்" என்றேன்.

கோர்ட்டில் உண்மையைச் சொன்னேன். அரசு வக்கீல் தன் சாட்சி தன் கையை விட்டுப் போவதைப் பார்த்துத் திகைத்தார். "பிரான்சுல ஒடம்புக்கு எதாவது ஆச்சுங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். "ஒடம்பு நல்லாருக்கு. தாசில்தாருட்ட நான் சொன்னது பொய். வேல போயிருமேன்னு பயந்து சொன்னன்" என்றேன். கலியபெருமாள் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சுவரிலிருந்த மின்விசிறிச் சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

அவர் விடுதலையானார். நட்டஈட்டு மனுவுக்கும் உயிர் வந்தது. எனக்கு வேலை போனது. அரசு அதிகாரியிடம் பொய் சொன்னதற்காக என் மேல் ஒரு வழக்கும் வந்தது. கோர்ட் கலையும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று தண்டனை. ஒரு நாள் முழுக்க மற்றவர்களின் வழக்குகளைக் கேட்டபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இந்த வயதில் இதெல்லாம் எதற்கு, அமுக்கி வைத்திருக்கலாமே என்று என் மைத்துனர் இன்றைக்கும் சொல்கிறார். அவர் சொல்லட்டும். மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "ஊரு பூரா சொல்றதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

கலியபெருமாள் வீட்டுக்குப் போனேன். களத்தில் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கோர்ட்டுல சொன்னீங்க, சரி. கோர்ட்டுல யாரு இருந்தா? வக்கீலும் போலீசும். அவங்களா எனக்கு மீனு குடுக்கமாட்டன்னாங்க? பட்டினச்சேரி கடக்கரையில வந்து சொல்லுங்க. நானும் வர்றன்."

போனோம். கோயிலுக்கு முன்னால் மணலில் பஞ்சாயத்துக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள், பெண்கள் கூடைகளோடு நின்றார்கள். கலியபெருமாள் என் பக்கத்தில் நிற்கவில்லை, எட்டி நின்றார். நான் சொல்லி முடித்ததும் ஒரு மீன்காரி முன்னால் வந்தாள்.

"அந்த மனுசன் பொண்டாட்டி கூப்புட கூப்புட நிக்காம போனன் நான். அந்தப் பாவம் இப்ப யாருக்கு?"

"எனக்குத்தான்மா."

"எனக்குன்னு சொல்லிட்டாப்புல ஆச்சா? எங்க வலைக்கு வாயிருந்தா அதுவும் ஒங்கள கேக்கும்."

பெரியவர்கள் தங்களுக்குள் பேசினார்கள். பிறகு ஒருவர் சொன்னார்: "கலியபெருமாள் வூட்டுக்கு இருந்த கட்டுப்பாடு இன்னியோட சரி. அது இனி ஒங்க வூட்டுக்கு. அந்த தொட்டிக்கு ஒழுங்கா செவர் கட்டி முடியிற வரைக்கும் ஒங்க வூட்டு வாசல்ல எங்க கூடை எறங்காது."

"நான் இப்ப அந்த ஆலையில வேலையில இல்லீங்களே."

"வெட்டும்போது இருந்தீங்கல்ல."

வீட்டில் சொன்னபோது மனைவி, "எனக்கும் சேத்தா?" என்றாள். ஆமாம் என்றேன். அன்றைக்கு வெண்டைக்காய்க் குழம்பு.

வேலையில்லாதவனுக்கு நேரம் நிறைய. சுவர் விதியைத் தமிழில் எழுதிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறினேன். உன் சுவரா என்றார்கள். உடைப்பு என்னுடையது என்றேன். பைத்தியம் என்று ஒரு குமாஸ்தா சொன்னது காதில் விழுந்தது. விழட்டும் என்று மறுநாளும் போனேன். பட்டினச்சேரிக்காரர்கள் சில நாள் கூட வந்தார்கள். மீன் மட்டும் விற்கவில்லை, அதில் கறார். கடைசியில் சுவரைக் கட்டாமல் உலை எரியக் கூடாது என்று உத்தரவு வந்தது. விதி கேட்ட உயரத்துக்கு மேல் ஒரு முழம் கூட்டிக் கட்ட வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். மதாமின் விதிக்கு ஐப்பசி தெரியாது, எனக்குத் தெரியும். சிமென்ட் தரை, குழாய், வால்வு, பூட்டு எல்லாம் வந்தன. முதல் மழையில் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். உள்ளே தண்ணீர் அசையாமல் நின்றது. அந்த வாரம் எங்கள் வாசலுக்கு மத்தி மீன் வந்தது.

ஆனால் ஊர் வாய் எந்த உத்தரவுக்கும் அடங்காது. எங்காவது வரப்பு உடைந்திருந்தால், "கலியபெருமாள கேளு" என்பது எங்கள் பக்கம் கேலியாகவே நிலைத்துவிட்டது. உண்மை தெரிந்தவர்களும் சொன்னார்கள், பழகிப்போன வாய். டீக்கடையிலோ பேருந்திலோ என் காதில் விழுந்தால் விடமாட்டேன். எழுந்து, "வெட்டியது நான்" என்று சொல்வேன். முதலில் திடுக்கிட்டார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு சலித்துக்கொண்டார்கள். கிழவனுக்கு இதே வேலை என்றார்கள். ஆமாம், இதே வேலைதான்.

சில ஆண்டுகளுக்குப் பின் திருமலைராயன்பட்டினத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எதிர் வரிசையில் கலியபெருமாள் உட்கார்ந்திருந்தார். பட்டினச்சேரி மணலுக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டதில்லை. தெருவில் கண்டால் அவர் நேராகப் பார்த்துக்கொண்டு போவார். பரிமாறிக்கொண்டிருந்த ஒருவன் சாம்பாரை ஊற்றும்போது எவனுடைய இலையிலோ சோற்றுக் கரை உடைந்து சாம்பார் ஓடியது. "கலியபெருமாள் மாமா எதுத்தாப்புல இருந்தா கரை நிக்குமா?" என்றான் பரிமாறியவன். வரிசை முழுக்கச் சிரிப்பு. கலியபெருமாள் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நான் எச்சில் கையோடு எழுந்தேன். பந்தியில் பாதியில் எழுவது எங்கள் பக்கம் பெரிய குற்றம். சமையல்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

"அவரு எந்தக் கரையையும் வெட்டல. வெட்டுனது நான். எண்ணெய உட்டதும் நான், அவரு பேர சொன்னதும் நான்."

சிரிப்பு நின்றது. பெண் வீட்டார் ஒருவர் என்னை நோக்கி வர ஆரம்பித்தார்.

கலியபெருமாள் தலையைத் தூக்கவில்லை. அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, பந்தி முழுவதுக்கும் கேட்கும்படி சொன்னார்: "அதான் எல்லாருக்கும் தெரியும்ல. ஒக்காந்து சாப்புடுங்க. பாயசம் வருது."

நான் உட்கார்ந்தேன்.